மூன்றாம் நம்பர் ரூமின் பாய்

போன வாரம் ஒரு வாசகி எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு வரி — 'மேடம், இது உங்க ஏரியா ஆச்சே... நீங்க இல்லாமலா?'

போஸ்டரைப் பெரிதாக்கிப் படித்தேன். 'போஹீமியன் கும்மிடிப்பூண்டி. சிப்காட் தொழிற்பேட்டையின் பின்புறத் தெருக்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடை. ஷிஃப்ட் முடிந்ததும் கலைஞர்களாகிற மனிதர்கள். அவர்கள் வாழும் அறைகள்.' அதற்குக் கீழே, கொஞ்சம் பெரிய எழுத்தில் — 'உங்களை அழைத்துச் செல்பவர் மெர்சி.'

மெர்சியா? நம் மெர்சியா?

வயிறு எரிந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எழுந்து போய் ஒரு டம்ளர் மோர் குடித்தேன். அப்போதும் அடங்கவில்லை.

பின்னே என்ன? பதினோரு வருஷமாக இந்தப் பக்கத்தில் அந்தத் தெருவைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பது யார்? கம்பெனி பஸ், தண்ணீர் லாரி, தகர ஷீட் போட்ட பாத்ரூம்... எல்லாவற்றையும் உங்களுக்குச் சொன்னது யார்? இந்தப் பத்தியின் பெயரே அங்கிருந்து வந்ததுதானே. இத்தனை நாளில் ஒருவராவது என்னிடம் 'மேடம், கூட்டிப் போய்க் காட்டுங்க' என்று கேட்டிருப்பீர்களா? நீங்கள் கேட்கவில்லை. மெர்சி கேட்காமலே ஆரம்பித்துவிட்டாள்.

அதுவும் போஹீமியனாம். அப்படி என்றால் என்ன என்று என் கணவர் கேட்டார். கையில் காசில்லாமல், தூக்கமும் இல்லாமல், பாட்டும் படமுமாகத் திரிகிறவர்கள் வாழும் இடத்தை அப்படிச் சொல்வார்கள் என்றேன். 'நீங்க இருந்த ரூம் மாதிரியா?' என்றார். ஆமாம், அதேதான். அந்த வார்த்தை எனக்கு ஏன் தோன்றாமல் போனது?

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு நிமிஷம். இருபது வருஷத்துக்கு முன்னால், திருத்தணிப் பக்கத்திலிருந்து நானும், பொன்னேரிப் பக்கத்திலிருந்து மெர்சியும், கும்மிடிப்பூண்டியில் ஒரு ஸ்விட்ச் கம்பெனியில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். க்வாலிட்டி செக்‌ஷன். லைனில் வரும் ஸ்விட்சைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். கீறல் இருந்தால் சிவப்பு டேக் கட்டி ஒதுக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். எனக்குப் பகல், அவளுக்கு ராத்திரி.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரே ஒரு ரூம் எடுத்தோம். மூன்றாம் நம்பர். ஓனர் அம்மாவிடம் ஒரு ஆள் என்றுதான் சொல்லியிருந்தோம். நான் இருக்கும்போது அவள் இருக்க மாட்டாள், அவள் இருக்கும்போது நான் இருக்க மாட்டேன். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி நீல ஓவர்கோட், ஒரே மாதிரி தொப்பி. தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்கு என்ன தெரியும்? ஞாயிற்றுக்கிழமையானால் அவள் சர்ச்சுக்கும் அப்படியே அம்மா வீட்டுக்கும் போய்விடுவாள். அதனால் இரண்டு வருஷமும் அந்த ரூமில் ஒரே ஒரு கோரைப் பாய்தான் இருந்தது. இரண்டாவது பாய்க்கு வேலையே வரவில்லை.

என் முதல் கட்டுரை அந்தப் பாயைப் பற்றித்தான். அந்தச் சிவப்பு ரிஜெக்ட் டேக்கின் பின்பக்கத்தில் நான் என் தோழிக்கு எழுதி வைத்துவிட்டுப் போகும் இரண்டு வரி அதில் வரும். 'பாயைச் சுருட்டல. அப்படியே படு.'

அவ்வளவுதான். அதற்கு எத்தனை கடிதங்கள். எழுந்ததும் பாயைச் சுருட்டி வைக்க வேண்டும், விரித்த பாயில் மூதேவி வந்து படுப்பாள் என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள்தானே நாம் எல்லோரும்? களைத்து வருகிறவளுக்காகப் பாயைச் சுருட்டாமல் போகிற ஒருத்தியை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஆசிரியர் இந்தப் பத்திக்கே 'சுருட்டாத பாய்' என்று பெயர் வைத்துவிட்டார். 'எவ்வளவு பெரிய மனசு மேடம் உங்களுக்கு' என்று இன்றைக்கும் யாராவது எழுதுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திருநின்றவூரில் ரயில் ஏறினேன். நடைக்குப் பெயர் கொடுத்திருந்தேன். ஒரு நல்ல காட்டன் புடவை, புதுச் செருப்பு, காதில் கொஞ்சம் பெரிய ஜிமிக்கி. பத்தியில் வருகிற போட்டோவில் போட்டிருப்பேனே, அதே ஜிமிக்கி. எதற்கு என்று கேட்காதீர்கள். அடையாளம் தெரிய வேண்டாமா?

பேசின் பிரிட்ஜில் இறங்கிக் கும்மிடிப்பூண்டி வண்டிக்காகக் காத்திருந்தபோதுதான், எரிச்சலுக்கு அடியில் இன்னொன்று இருப்பது தெரிந்தது. பயம். மெர்சியை நான் பார்த்துப் பதினோரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த முதல் கட்டுரை வந்ததிலிருந்து பார்க்கவில்லை. போன் செய்ததும் இல்லை. அவள் செய்த இரண்டு முறையும் நான் எடுக்கவில்லை.

சொல்லித்தான் ஆக வேண்டும். இந்தப் பக்கத்தில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

அந்தச் சீட்டை எழுதியது நான் இல்லை. மெர்சி எழுதியது. அவள் எனக்கு எழுதி வைத்ததை, நான் அவளுக்கு எழுதி வைத்ததாகத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். முதலில் உண்மையைத்தான் எழுதினேன். படித்துப் பார்த்தபோது, கட்டுரையில் நான் சும்மா தூங்குகிறவளாக இருந்தேன். அது பிடிக்கவில்லை. இரண்டு இடத்தில் 'அவள்' என்பதை அடித்து 'நான்' என்று மாற்றினேன். ஒரு நிமிஷ வேலை.

இப்போது அவள் அதே தெருவுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறாள். அதே ரூம் வாசலில் நிற்பாள். என்ன சொல்வாள்? திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். வண்டி வந்தது, ஏறிவிட்டேன்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு வெளியே பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். சென்னையிலிருந்து வந்த கேமராக்காரர்கள் சிலர், துணிப்பை மாட்டிய கல்லூரிப் பெண்கள் சிலர். நடுவில் மெர்சி. இன்றும் அதே ஒல்லி, தலையில் மட்டும் கொஞ்சம் நரை. புதுச்சேரியில் ஒரு முறை இப்படி ஒரு நடைக்குப் போயிருக்கிறேன், அங்கே வழிகாட்டி கலர் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போவார். இவள் ஒரு பிவிசி பைப்பின் நுனியில் ஆரஞ்சு சேஃப்டி ஜாக்கெட்டை மாட்டித் தூக்கிப் பிடித்திருந்தாள்.

என்னைப் பார்த்தாள். திடுக்கிடுவாள் என்று நினைத்திருந்தேன்.

"வா சாந்தி" என்றாள். நேற்றுத்தான் பார்த்துப் பிரிந்த மாதிரி. "சாப்பாடு ஆச்சா? ஆச்சின்னா செருப்ப கழட்டி கைல புடிச்சிக்கோ."

"எதுக்கு?"

"எல்லாருக்குந்தான் சொல்லிகினு கீறேன். தெருவுல ஆளுங்க தூங்கறாங்க இல்ல."

தெரு முனைக்கு வந்ததும் பதினைந்து பேரும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள். நானும் என் புதுச் செருப்பைக் கழற்றினேன். நாலரை மணி வெயிலில் சிமென்ட் தெரு நன்றாகவே சுட்டது.

மெர்சி பேச ஆரம்பித்தாள். குசுகுசுவென்ற குரல். ஆனால் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. அது எப்படி என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

"இந்தத் தெருவுல எந்த நேரம் வந்தாலும் பாதிப் பேர் தூங்கிகினு இருப்பாங்க. நைட் ஷிஃப்ட் பகல்ல தூங்கும், பகல் ஷிஃப்ட் நைட்ல தூங்கும். வாசல்ல பக்கெட்டு குறுக்க வெச்சிருந்தா உள்ள ஆள் தூங்கறாங்கன்னு அர்த்தம். தட்டக் கூடாது. அதனால இங்க பாட்டு, படம், ஆட்டம் எல்லாமே சத்தம் வராம கத்துகினதுதான். அத்தத்தான் பாக்கப் போறோம்."

எல்லோரும் 'ஆ' என்றார்கள், அதையும் சத்தமில்லாமல். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். பக்கெட் எனக்குத் தெரியாதா? இரண்டு வருஷம் நானே தினமும் வைத்த பக்கெட். சத்தம் போடாமல் பல் தேய்த்தவள் நான். இருந்தும் இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே. தெரிந்த விஷயம் ஒன்றை இன்னொருத்தி சொல்லிக் கேட்கிற எரிச்சல் இருக்கிறதே, தெரியாததைக் கேட்பதைவிடப் பத்து மடங்கு அதிகம்.

முதலில் ஜான்சன் ரூம். ஸ்டீல் கம்பெனியில் வேலை. டிரம்ஸ் வாசிக்கிறவர். கல்யாணக் கச்சேரிகளுக்குப் போகிறார். அவரோடு அதே ரூமில் இருக்கிற மூன்று பேரும் நைட் ஷிஃப்ட். அதனால் அவர் பயிற்சி செய்வது தலையணையில். நாலு தலையணையை நாலு பக்கம் அடுக்கி, நடுவில் உட்கார்ந்து குச்சியால் அடிக்கிறார். பொத் பொத்தென்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். பக்கத்தில் மூன்று பேர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய கால் விரல் மட்டும் தாளத்துக்கு ஆடியது.

ஒரு கல்லூரிப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். ஆனால் எனக்கு வேறு காரணம். இந்தக் கால் விரலை நான் பார்த்திருந்தால் எப்படிப்பட்ட ஒரு பத்தி எழுதியிருப்பேன்...

அடுத்து ஏழுமலை. லாரிகளுக்குப் பின்னால் படம் வரைகிறவர். சரக்கு ஏற்ற லாரிகள் வரிசையில் நிற்கும் நேரத்துக்குள் வரைந்து முடிக்க வேண்டும். மயில், தாமரை, டிரைவரின் குழந்தை முகம்... எது கேட்டாலும். "இவரு வரைஞ்ச படம் ஒண்ணுகூட இந்தத் தெருவுல இல்ல" என்றாள் மெர்சி. "எல்லாம் ரோட்டுல ஓடிகினு கீது." சொல்லிவிட்டுத் தன் போனை எடுத்துக் காட்டினாள். எங்கெங்கோ இருந்து டிரைவர்கள் அனுப்பிய போட்டோக்கள். பனியில் ஒரு மயில். ஏதோ ஒரு பெரிய பாலத்தில் ஒரு தாமரை. சேற்றில் பாதி மறைந்த ஒரு குழந்தை.

"யாரு அனுப்பச் சொன்னது?" என்று ஒருவர் கேட்டார்.

"நாந்தான் கேட்டேன். அவருக்கும் பாக்கணும்னு இருக்கும் இல்ல."

ஏழுமலை பக்கத்தில் நின்று, பெயின்ட் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். 'அவருக்கும் பாக்கணும்னு இருக்கும் இல்ல.' இந்த யோசனை ஏன் எனக்கெல்லாம் வருவதில்லை? நான் ஏழுமலையைப் பற்றி எழுதியிருக்கிறேன், ஐந்து வருஷத்துக்கு முன்னால். நல்ல கட்டுரை என்று பெயர் வாங்கினேன். அந்த இதழை அவருக்கு ஒரு பிரதி கொடுக்கவில்லை.

அடுத்த திருப்பத்தில் எங்கள் ரூம். தூரத்திலேயே தெரிந்துவிட்டது. பச்சைக் கதவு இப்போது நீலம். மூன்று என்ற எண்ணை மட்டும் யாரோ புதிதாக எழுதியிருந்தார்கள். வாசலில் பக்கெட் குறுக்கே இருந்தது.

இப்போது சொல்வாள். 'இங்கேதான் எழுத்தாளர் சாந்தி இருந்தார்' என்பாளா? இல்லை, மற்றதைச் சொல்வாளா? இரண்டில் ஒன்று.

மெர்சி கதவைக் காட்டினாள். "இது நா மொதல்ல வேலைக்கி வந்தப்ப இருந்த ரூம். ஒரு பாய், ரெண்டு ஆளு. ரெண்டு வருஷம். சரி, அடுத்தது டீக்கடை. வாங்க."

அவ்வளவுதானா? நான் அங்கேயே நின்றுவிட்டேன். பெயர்கூடச் சொல்லவில்லையே. ரெண்டு ஆளாம். தலையணைக்காரருக்குப் பத்து நிமிஷம், எனக்கு 'ரெண்டு ஆளு'.

நியாயமாகப் பார்த்தால் தப்பித்தேன் என்று நினைத்து, வாயை மூடிக்கொண்டு டீ குடிக்கப் போயிருக்க வேண்டும். கண்ணாடி போட்ட ஒரு பெண் அப்போதுதான் என் ஜிமிக்கியைப் பார்த்தார்.

"மேடம்... நீங்க 'சுருட்டாத பாய்' சாந்தி மேடம்தானே? நான் வேப்பம்பட்டு மேடம். டிரெயின்ல போகும்போது உங்க பத்தியைத்தான் படிப்பேன். இதுதானா அந்த ரூம்? அந்தச் சீட்டு எழுதி வைப்பீங்களே..."

பத்துப் பேர் திரும்பினார்கள். கேமராக்கள் திரும்பின. ஒரு மணி நேரமாக மெர்சியையே பார்த்துக்கொண்டிருந்த முகங்கள் அத்தனையும் என் பக்கம். வாசகர்களே, அந்த ருசி உங்களுக்குத் தெரியாது. நான் ஒரு அடி முன்னால் வந்தேன். கதவைக் கை நீட்டிக் காட்டினேன்.

"ஆமாம், இந்த ரூம்தான். தினமும் வேலைக்குக் கிளம்பும்போது என் தோழிக்கு ஒரு சீட்டு எழுதி, இதோ, இந்தக் கதவு இடுக்கில் சொருகிவிட்டுப் போவேன்..."

மேடையில் பேசிப் பழகிய குரல். குசுகுசுவெல்லாம் வராது. தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

உள்ளே யாரோ புரண்டு படுத்தார்கள். எதிர் வீட்டில் ஒரு குழந்தை அழுதது. மாடி ஜன்னல் படாரென்று திறந்தது.

"எவடி அவ, தூங்கற நேரத்துல கத்தறது?"

ரமணம்மா. எங்கள் ஓனர் அம்மா. ஆந்திரா பார்டரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். அறுபது தாண்டியிருக்கும், குரலுக்கு மட்டும் வயசே ஆகவில்லை. இடுப்பில் கை வைத்தபடி மாடிப்படியில் இறங்கி வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயா? தடால்னு கதவ மூடற பொண்ணுதானே நீ?"

கூட்டம் சிரித்தது. தடாலென்று மூடுகிற பெண் என்றால், அப்படி மூடாத இன்னொருத்தியும் உண்டு என்றல்லவா ஆகிறது? ஒரு ஆள் என்று சொல்லித்தானே ரூம் எடுத்தோம்?

"ரெண்டு பேருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாம? காலைல ஒருத்தி தடால்னு கதவ மூடுவா. சாயந்தரம் ஒருத்தி பூன மாதிரி மூடுவா. ஒரே ஆளு ரெண்டு மாதிரி மூடுவாளா? பொம்பளப் பிள்ளைங்க, டப்பு இல்லாம கஷ்டப்படுதுங்கன்னு கண்டுக்காம இருந்தேன்."

வேப்பம்பட்டுப் பெண் விடவில்லை. "அம்மா, அப்போ அந்தச் சீட்டெல்லாம் பார்த்திருக்கீங்களா?"

"பாக்காம? தெனம் படிப்பேன். தமிழு எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், அந்தப் பொண்ணு கொட்ட கொட்டயா எழுதி வெச்சிருக்கும். கொழம்பு மூடி வெச்சிகிறேன், தண்ணி லாரி நாளைக்கித்தான் வரும், பாய சுருட்டல, அப்பிடியே படு... இப்பிடி ஏதாவது." ரமணம்மா மெர்சியின் தோளில் கை வைத்தார். "எழுதறவ இவ. அவ ஒரு சீட்டும் வெச்சதில்ல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் காதில் ஜிமிக்கி ஆடிக்கொண்டிருந்தது. கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு தெருவின் நடுவில் அப்படி நின்றிருக்கிறீர்களா? புதுச் செருப்பு என்றால் இன்னும் கனமாக இருக்கும்.

"மேடம்... அப்போ அந்தக் கட்டுரை?" வேப்பம்பட்டுப் பெண்ணின் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. யாராவது 'பொய்யா எழுதினீங்க?' என்று கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மெர்சி பைப்பைத் தரையில் ஊன்றினாள்.

"பாயப் பத்திச் சொன்னது நாந்தாம்மா" என்றாள். "அத்த ஞாபகம் வெச்சிகினு ஊருக்கெல்லாம் சொன்னது இவ. நா எழுதன டேக்கெல்லாம் எங்க போச்சோ. இவ எழுதலன்னா நீயெல்லாம் இன்னிக்கி இந்தத் தெருவுக்கு வந்திருக்க மாட்ட. சரி, மெதுவா வாங்க. டீ ஆறிடும்."

கூட்டம் அவள் பின்னால் போனது. ஆரஞ்சு ஜாக்கெட் திருப்பத்தில் மறைந்தது. ரமணம்மா என்னிடம், "இப்பவாச்சும் மெதுவா பேசக் கத்துக்கோ" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார்.

காப்பாற்றிவிட்டாள் அல்லவா? நன்றி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது பொறாமைதான். போஸ்டரைப் பார்த்தபோது வந்தது ஒன்றுமே இல்லை என்கிற அளவுக்கு. அவளுக்கு நியாயமாக வர வேண்டியதை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டு, டீ ஆறிடும் என்று போகிறாள். நானாக இருந்தால் அந்தப் பதினைந்து பேரையும் நிற்க வைத்துப் பதினோரு வருஷக் கணக்கைத் தீர்த்திருப்பேன்.

டீக்கடையில் எல்லோரும் கலைந்த பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்தோம். இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தது எங்கள் வாழ்க்கையில் எத்தனை முறை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரே ரூமில் இருந்தவர்கள்தான். பார்த்துக்கொண்டதெல்லாம் கம்பெனி கேட்டில், அவள் பஸ் உள்ளே வரும்போது என் பஸ் வெளியே போகும், ஜன்னல் வழியாக ஒரு கையாட்டல்.

"படிச்சியா?" என்றேன்.

"மொத வாரமே படிச்சேன். கேன்டீன்ல ஒருத்தி கொண்ணாந்து காட்டுனா. அதுக்குத்தான் போன் பண்ணேன். நல்லா எழுதிகிறன்னு சொல்லத்தான். நீ எடுக்கல."

"கோவமே வரலயா உனக்கு?"

டீயை ஒரு வாய் குடித்தாள்.

"பேரு மாத்திப் போட்டதுக்குக் கோவம் வரல சாந்தி. ஒண்ணே ஒண்ணுதான் பேஜாரா இருந்துச்சி. நைட்டெல்லாம் நின்னுட்டு காலைல வந்து கதவத் தொறப்பேன். பாய் சுருட்டி மூலைல நிக்கும். தெனம். ரெண்டு வருஷம். ஒரு நாளாச்சும் நீயும் வுட்டுட்டுப் போவேன்னு பாத்துகினே இருந்தேன். அப்பால அந்த பேப்பர்ல படிச்சேன், நீ தெனமும் எனக்காக சுருட்டாம போனேன்னு போட்டிருந்த. படிக்கச் சொல்லோ கண்ணுல தண்ணி வந்துட்ச்சி. நெஜமாவே அப்பிடி நடந்திருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்னு."

"எங்கம்மா சொல்லிச் சொல்லிப் பழக்கம்... விரிச்ச பாயில மூதேவி படுப்பான்னு..." என்று ஏதோ முனகினேன்.

"எங்கம்மாவுந்தான் சொல்லிகிறாங்க" என்றாள் மெர்சி.

திரும்பி வரும் ரயிலில் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். எழுத்துத் திருட்டைக்கூட ஒரு மாதிரி சமாளித்துவிடலாம், இதோ உங்களிடம் சொல்லிவிட்டேன். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் நிற்கப் போகிற அவசரத்தில், அதே அளவு நின்றுவிட்டு வரப்போகிற இன்னொருத்தியின் இடுப்பு வலி மெர்சிக்கு ஞாபகம் வந்தது. அறுநூறு காலைகளில் ஒரு காலைகூட எனக்கு வரவில்லை. எனக்கு வராத அது அவளுக்கு வந்ததே என்றுதான் இப்போது பொறாமை. இது மோரில் அடங்குகிற பொறாமை இல்லை.

ஆசிரியருக்குப் போன் செய்து, பத்தியின் பெயரை மாற்றிவிடலாம் என்றேன். வாசகர்களுக்குப் பழகிவிட்டது, வேண்டாம் என்கிறார். மெர்சியைக் கேட்டேன். இந்த முறை நான்தான் போன் செய்தேன்.

"பேரு கெடக்கட்டும், நீயே வெச்சிக்கோ" என்றாள். "எனக்கு வேற ஒண்ணு வேணும். முன்னாடி நா பேசிகினு போயிடறேன். பின்னாடி வர்றவங்க சத்தம் போடறாங்க. அவங்கள அமத்தறதுக்கு ஒரு ஆளு இல்ல. ஞாயித்துக்கெழம நீ வர்றியா?"

ஆகவே, கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்களைப் பார்க்கலாம். ஆரஞ்சு ஜாக்கெட்டைத் தூக்கிப் பிடித்து முன்னால் போகிறவள், நீங்கள் இத்தனை வருஷம் பாராட்டிய அந்தச் சீட்டை எழுதியவள். எல்லோருக்கும் பின்னால், கையில் செருப்போடு, வாயில் விரலை வைத்துக்கொண்டு வருகிறவள் நான்.